ஆகார விசித்திரம்

ஸ்காட்லாந்து தேசத்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் மழையும் காற்றும் ஓயாமல் வந்து மோதுகின்ற ரம் என்னும் சிறு தீவில், செம்மான்கள் கூட்டங்கூட்டமாக மேய்ந்து திரிகின்றன. அதே தீவின் மலைச்சரிவுகளில், வருஷத்தின் பெரும்பகுதியைக் கடல்மேலேயே கழித்துவிட்டு முட்டையிடுவதற்காக மட்டும் கரையேறும் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள், ஒரு லட்சம் ஜோடிகளுக்குக் குறையாமல் வந்து, மண்ணில் வளை தோண்டி, வளைக்கு ஒரு முட்டை வீதம் இட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. குஞ்சுகள் நன்றாகக் கொழுத்து, பறக்கும் பருவம் நெருங்கியதும், இரவு வேளைகளில் வளைக்கு வெளியே வந்து சிறகடித்துப் பழகுவது வழக்கம். அப்படி வெளிவந்த குஞ்சுகளில் பல, தலையில்லாமலும் காலில்லாமலும் சிறகில்லாமலும் மறுநாள் காலையில் செத்துக் கிடப்பதைக் கண்டவர்கள், இது எந்தத் துஷ்ட ஜந்துவின் வேலையோ என்று எண்ணினால் அதில் வியப்பில்லை. பர்னஸ் என்னும் பறவை நூல் நிபுணர் 1988ஆம் வருஷம் வெளியிட்ட கட்டுரை அந்தக் குற்றவாளியை அடையாளம் காட்டிற்று. புல்லையும் புதர்ச்செடியையும் தவிர வேறொன்றையும் அறியாதது என்று உலகம் நம்பியிருந்த செம்மானே அந்தக் குஞ்சுகளைக் கடித்துத் தின்றது.

அவரே ஷெட்லாந்துத் தீவுக் கூட்டத்திலுள்ள பௌலா என்ற இடத்திலும் இதே கதையைக் கண்டார். அங்கே மேய்ந்துகொண்டிருந்த செம்மறியாடுகள், தரையில் கூடுகட்டும் ஆலாக்களின் குஞ்சுகளைப் பிடித்துக் காலையோ சிறகையோ கடித்துக்கொண்டு, மிஞ்சிய உடலை உயிரோடே விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. சாதுவுக்கு உவமை தேடும்போதெல்லாம் ஆட்டையும் மானையும் தேடிப் போகின்ற நமக்கு இச்செய்தி சற்றே கூசத்தான் செய்யும். ஆயினும் கூச்சத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த மான் எதைத் தின்றது, எதை விட்டுச் சென்றது என்று பார்த்தால், காரணம் தானே துலங்குகிறது. கொழுத்த குஞ்சின் மார்புத் தசையை அது பெரும்பாலும் தொடுவதில்லை. தலை, கால், சிறகு ஆகிய எலும்பு மிகுந்த அவயவங்களையே தேடிக் கடிக்கிறது. அதற்கு வேண்டியிருந்தது மாமிசமன்று; எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸுமே அதற்கு வேண்டியிருந்தன.

இத்தகைய தீவுகளில் மழை மண்ணைக் கழுவிக் கழுவி, அதிலுள்ள தாதுப்பொருள்களைக் கடலில் சேர்த்துவிடுவதால், அங்கே முளைக்கும் புல் பார்வைக்குப் பசுமையாக இருந்தும் சாரமற்றதாக இருக்கிறது. மான் இனத்தின் ஆண்களுக்கோ வருஷந்தோறும் பழைய கொம்பு உதிர்ந்து புதுக்கொம்பு முளைத்தாகவேண்டும், கொம்பென்பது எலும்பே, சில மாதங்களுக்குள் அவ்வளவு எலும்பை உண்டாக்குவதற்கு மேய்ச்சல் போதாதபோது, அந்தப் பிராணியின் உடல் தன் விலா எலும்புகளிலிருந்தே சுண்ணாம்பைக் கடன் வாங்கிக் கொம்புக்கு அனுப்புகிறது. இவ்வாறு உள்ளேயே திருட்டு நடக்கும் ஓர் உடலுக்கு, காலடியில் எலும்போடு சிறகடிக்கும் ஒரு குஞ்சு எப்படிப்பட்ட பண்டமாகத் தோன்றும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்துப் புத்தகங்களில் பிராணிகளைச் சாகபட்சணி, மாமிசபட்சணி, இரண்டையும் உண்பவை என்று மூன்று பந்திகளாக உட்காரவைத்துவிடுகிறோம். பாடஞ் சொல்லிக்கொடுப்பதற்கு இந்த ஏற்பாடு மிகவும் சௌகரியமானது. ஆனால் அந்தந்தப் பிராணி இந்தப் பந்தி ஒழுங்கை ஒப்புக்கொண்டு கையெழுத்திடவில்லை. அதன் வாய், புத்தகம் சொல்வதைக் கேட்பதில்லை. உடலின் குறை சொல்வதையே கேட்கிறது. வனவிலங்குகளின் ஆகார விசித்திரங்கள் என்று நாம் வாய்பிளந்து பார்ப்பவற்றில் பெரும்பாலானவை, எங்கோ ஒரு குறையை இட்டு நிரப்புவதற்காகச் செய்யப்படும் காரியங்களே என்பது என் எண்ணம்.

இதைச் சோதனை முறையில் நிரூபித்த பெருமை சர் ஆர்னால்ட் தெய்லர் என்னும் கால்நடை வைத்தியருக்கு உரியது. ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் குடியேறிய இவர், அந்நாட்டுப் புல்வெளிகளில் மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்றுவந்த ஒருவித வாத நோயின் காரணத்தைத் தேடி, 1919ஆம் வருஷம் முதல் ஆர்மூட்ஸ்வ்லாக்டே என்ற பண்ணையில் ஆராய்ந்தார். நோயுற்ற மாடு கால் விழுந்து, நாக்கு விழுந்து, சில நாட்களில் இறந்துபோகும். அந்தப் பிரதேசத்து மண்ணில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. ஆகவே புல்லிலும் குறைவு. புல்லை உண்ட மாட்டிலும் குறைவு. குறையுள்ள மாடு காட்டில் கிடக்கும் எலும்பைக் கண்டால் விடாது. வெயிலில் வெளுத்த எலும்பானாலும் சரி, அழுகிய பிணத்தின் எலும்பானாலும் சரி, வாயில் போட்டு மணிக்கணக்காக மென்றுகொண்டிருக்கும். அழுகிய எலும்பில் ஒட்டிக்கொண்டிருந்த கிருமியின் விஷமே அவற்றைக் கொன்றது. தெய்லர், நோய்க்கு மருந்து தேடுவதை விட்டு, ஆசைக்கு மருந்து தேடினார். சுத்தம் செய்த எலும்புத் தூளை மாடுகளுக்குத் தீனியோடு கலந்து கொடுத்தார். எலும்பு மெல்லும் வெறி அடங்கிற்று. வெறி அடங்கவே நோயும் அடங்கிற்று.

நம் ஊர்களிலும் கொடியில் காயும் வேஷ்டியை இழுத்து மெல்லுகின்ற பசுவைக் காணாதவர் இல்லை. அது திமிர் பிடித்துச் செய்கிறது என்று கழியை எடுப்பவர்கள், கால்நடை வைத்தியரைக் கேட்டால், தாது உப்புக் கட்டி ஒன்றை வாங்கித் தொழுவத்தில் தொங்கவிடுங்கள் என்று அவர் சொல்லுவார். சுவரொட்டியை உரித்துத் தின்னும் பட்டணத்து மாட்டின் விஷயம் வேறு. அதற்குப் பசையும் பசியுமே போதிய காரணங்கள்.

காட்டில் தாது உப்புக் கட்டியைத் தொங்கவிடுவார் யாருமில்லையாதலால், அங்கே எலும்பு வீணாவதில்லை. புள்ளிமான்கள் ஆயிரக்கணக்கில் வாழும் காட்டில் வருஷந்தோறும் உதிரும் கொம்புகளெல்லாம் எங்கே போகின்றன என்று கேட்பவர்கள், முள்ளம்பன்றியின் வளையைச் சென்று பார்க்கவேண்டும். கிழங்கும் பட்டையும் பழமும் தின்று வாழ்வதாகப் பெயர்பெற்ற இப்பிராணி, இரவில் திரியும்போது கண்ணில் பட்ட எலும்பையும் கொம்பையும் வளைக்கு எடுத்துவந்து, சாவகாசமாகக் கறண்டித் தின்கிறது. அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எலும்பைக் கறண்டுவதால் பல்லும் தேய்ந்து அளவாகிறது, சுண்ணாம்பும் கிடைக்கிறது. கொம்பின்மேல் இணையிணையாகப் பதிந்திருக்கும் அகன்ற உளித்தடங்களைக் கண்டால் அது முள்ளம்பன்றியின் பல் என்று காட்டுவாசிகள் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். மானும் சில சமயம் தன் இனத்தார் உதிர்த்த கொம்பையே மெல்லும். ஆப்பிரிக்காவின் ஒட்டைச்சிவிங்கியோ, மர உச்சியின் தளிரை உண்பதற்கென்றே படைக்கப்பட்டதுபோன்ற அந்த நெடிய கழுத்தை வளைத்துத் தரைவரையில் இறக்கி, செத்த மிருகத்தின் எலும்பைக் கவ்விக்கொண்டு, சுருட்டைப்போல் வாயின் ஓரத்தில் ஒதுக்கிக் குதப்பிக்கொண்டு நிற்கும்.

இவையெல்லாம் எலும்பை உபாகாரமாக உண்பவை. எலும்பையே பிரதான போஜனமாகக் கொண்டது ஒன்று உண்டு; அது இமயமலையிலும் ஐரோப்பிய, ஆப்பிரிக்க மலைகளிலும் வாழ்கின்ற தாடிக் கழுகு. விரித்த சிறகின் அகலம் எட்டு அடிக்கு மேலாக இருக்கும் இப்பெரும்பறவை, மற்றக் கழுகுகள் சதையைத் தின்று தீர்த்துவிட்டுப் பறந்துபோகும்வரையில் பொறுத்திருந்து, மிஞ்சிய எலும்புகளை எடுத்துக்கொள்ளுகிறது. சிறிய எலும்பை அப்படியே விழுங்கிவிடும். பெரிய எலும்பைக் காலில் இடுக்கிக்கொண்டு வானத்தில் உயர எழும்பி, தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு பாறைத் தளத்தின்மேல் போட்டு உடைக்கும். உடையாவிட்டால் மறுபடியும் எடுத்துச் சென்று போடும். எந்த உயரத்திலிருந்து, எந்தப் பாறையின்மேல், எப்படி விடவேண்டும் என்ற இந்த வித்தையில் தேர்ச்சி பெறுவதற்கு இளம்பறவைக்குச் சில வருஷங்கள் பிடிக்கும். அதன் வயிற்றில் சுரக்கும் அமிலம் மிகவும் உக்கிரமானது. விழுங்கிய எலும்பு ஏறக்குறைய ஒரு நாளைக்குள் கரைந்துவிடுகிறது. எலும்பினுள்ளே இருக்கும் கொழுப்பை மற்றப் பிராணிகள் பெரும்பாலும் போட்டியிட்டுக் கேட்பதில்லையாகையால், அதற்குப் பஞ்சமென்பது குறைவு.

எலும்பை விட்டு உப்புக்கு வருவோம். தாவரங்கள் உயிர்வாழ ஸோடியம் பெரும்பாலும் வேண்டியதில்லை. பிராணிகளுக்கோ அஃதில்லாமல் நரம்பும் தசையும் இயங்கா. ஆதலால் இலை தழையை மட்டும் நம்பி வாழும் ஒவ்வொரு மிருகமும், வயிறு நிறையத் தின்றும் உப்புக்கு ஏங்கி நிற்கும் நிலையில் இருக்கிறது. கடலுக்கு அருகில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. உள்நாட்டு மலைகளில், அதிலும் மழை மிகுந்த மலைகளில், அது பெரிதாகத் தெரியும். கழுநீரில் ஒரு கை உப்பைப் போட்டு மாட்டுக்கு வைக்கும் நம் கிருகஸ்தர்கள் இதைச் சாஸ்திரம் படித்து அறியவில்லை. பசு தங்கள் வியர்த்த முன்கையைச் சொரசொரப்பான நாக்கால் விடாமல் நக்குவதைப் பார்த்தே அறிந்துகொண்டார்கள்.

ஆப்பிரிக்காவில் கீனியாவுக்கும் உகாண்டாவுக்கும் எல்லையாக நிற்கும் எல்கன் என்ற மலை, எப்போதோ தீக்கக்கி ஓய்ந்துபோன எரிமலை. அதன் சரிவுகளில் பல குகைகள் இருக்கின்றன. அவற்றுள் கிட்டம் என்பது மலையின் வயிற்றுக்குள் ஏறத்தாழ 200 மீட்டர் ஆழம் செல்லுகிறது. 1883ஆம் வருஷம் அந்தப் பக்கம் சென்ற ஜோசப் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்து யாத்திரிகர், எல்கன் குகைகளைக் கண்டு, இவ்வளவு பெரிய பள்ளங்களை இயற்கை செய்திராது, பூர்வகாலத்தில் யாரோ மனிதர்கள்தாம் தோண்டியிருக்க வேண்டும் என்று கருதினார். சுவர்களில் வெட்டுத் தடங்களும் இருந்தன. அந்தத் தடங்களில் பலவற்றைச் செய்தவை யானைகளின் தந்தங்கள் என்பது பிற்பாடு விளங்கிற்று. 1980களில் இயான் ரெட்மண்ட் என்னும் ஆராய்ச்சியாளர் குகைக்குள்ளே இரவுகளைக் கழித்து, யானைகள் உப்பு வெட்டும் காட்சியை அருகிலிருந்து கவனித்து உலகுக்கு அறிவித்தார்.

இருட்டிய பிறகு யானைகள் குகைவாயிலில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேருகின்றன. உள்ளே ஒளி என்பது எள்ளளவும் கிடையாது. மேற்கூரையிலிருந்து இற்று விழுந்த பெரும் பாறைகள் வழியெங்கும் கிடக்கின்றன. ஓரிடத்தில் ஆழமான பிளவு ஒன்று இருக்கிறது, அதில் விழுந்து மடிந்த கன்றுகளும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் முன்செல்லும் யானை துதிக்கையைத் தரையிலும் சுவரிலும் மாறிமாறி வைத்துத் தடவிக்கொண்டு, ஓரடி வைத்து, நின்று, மறுபடியும் தடவி, அடுத்த அடியை வைக்கிறது. கன்றுகள் தாயின் உடலை ஒட்டியே நடக்கின்றன. உள்ளே போய்ச் சேர்ந்ததும், தந்தத்தின் நுனியைச் சுவரில் கொடுத்து நெம்பி, பெயர்ந்து விழும் கல்லைத் துதிக்கையால் பொறுக்கி வாயில் இட்டு, கடைவாய்ப் பற்களுக்கிடையில் போட்டு அரைத்து விழுங்குகின்றன. அந்த இருட்டில் கல் நொறுங்கும் ஓசையும் யானைகளின் பெருமூச்சுமே கேட்கும். அந்தப் பாறையில் ஸோடியம் கலந்த உப்பு இருக்கிறது. வெளியே மழை அதைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே மழை எட்டாத இடத்தில் அது எஞ்சியிருக்கிறது. யானை மட்டுமல்ல, காட்டெருமையும் மானும் அங்கே வந்து சுவரை நக்கிச் செல்லும். அப்பிரதேசத்து ஜனங்களும் தங்கள் கால்நடைகளுக்காக அதே குகைகளிலிருந்து உப்புக் கல்லை வெட்டியிருக்கிறார்கள். ஆகவே தாம்ஸன் சொன்னது முழுப் பிசகென்று தள்ளிவிடவும் இயலாது. தலைமுறை தலைமுறையாக யானை தின்று தின்றே அந்தக் குகை பெரிதாகியிருக்கிறது என்று சொல்வாரும் உண்டு. தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்த கொடியவர்கள், உப்புக்கு வந்தே தீரவேண்டிய பிராணியைப் பிடிப்பதற்குக் குகைவாயிலைப்போன்ற இடம் வேறில்லை என்பதையும் கண்டுகொண்டார்கள்.

உகாண்டாவின் பிவிண்டிக் காட்டில் மலைக் கொரில்லாக்கள் உளுத்துப்போன மரக்கட்டையை உடைத்துச் சப்புவதும், மணிக்கணக்காக அதே கட்டைக்குத் திரும்பத் திரும்ப வருவதும் வெகுகாலம் விளங்காத காரியமாக இருந்தது. அவற்றின் ஆகாரத்தில் கட்டையின் பங்கு மிக அற்பமாயினும், உடலுக்குள் செல்லும் ஸோடியத்தில் 95 சதவீதத்துக்கு மேல் அந்தக் கட்டையிலிருந்தே கிடைக்கிறது என்று 2006ஆம் வருஷம் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

அடுத்துச் சொல்லவேண்டியது கொஞ்சம் அருவருப்பான விஷயம். ஆயினும் இயற்கையின் அடுக்களையில் எட்டிப் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வதில் பயனில்லை. முயல் இருவகையாக மலங்கழிக்கிறது. நாம் புல்தரையில் காணும் உலர்ந்த உருண்டைகள் ஒருவகை. மற்றொரு வகை மிருதுவானது. அதை நாம் பார்ப்பதே அரிது, ஏனெனில் ஓய்ந்திருக்கும் வேளையில் முயல் தலையைக் கவிழ்த்து அதைத் தரையில் விழுவதற்கு முன்பே வாயில் வாங்கி விழுங்கிவிடுகிறது. புல்லின் சத்தை ஒரே முறையில் கிரகித்துக்கொள்ள இயலாத அதன் குடல், நுண்ணுயிர்களின் உதவியால் பக்குவமான அந்தப் பண்டத்தை இரண்டாம் முறை உள்ளே அனுப்பினால்தான் வைட்டமின்களையும் புரதத்தையும் பெறமுடியும். மாடு அசைபோட்டுச் செய்கிற காரியத்தை முயல் இவ்விதமாகச் செய்கிறது. யானைக்கன்று தாயின் இலத்தியைத் தின்பதும் இதற்கு உறவான விஷயமே. நாரை ஜீரணிக்கும் நுண்ணுயிர்கள் கன்றின் குடலில் பிறவியிலேயே இருப்பவை அல்ல. தாயின் இலத்தி வழியாகவே அவை கன்றிடம் வந்து சேருகின்றன.

இந்த வரிசையில் தமிழ்நாட்டாருக்குப் பரிசயமான ஒரு பறவையும் இருக்கிறது. செங்கற்பட்டுக்கு அடுத்த திருக்கழுக்குன்றத்து மலைமேல், உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து, பண்டாரத்தின் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டுபோகும் காட்சியைப் பல தலைமுறையினர் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். காசியில் நீராடி, இங்கே உண்டு, இராமேசுவரத்தில் இரவு தங்குபவை அவை என்பது ஐதிகம். வெண்மையான உடலும், சிறகில் கரிய விளிம்பும், மயிரற்ற மஞ்சள் முகமும் கொண்ட அந்தப் பறவை, ஐரோப்பாவின் தென்பகுதியிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவரையிலும் பரவியுள்ள மஞ்சள்முகப் பாறு என்ற இனத்தைச் சேர்ந்தது. 1990களின் இறுதியிலிருந்து கழுகுகள் குன்றுக்கு வருவது நின்றுபோயிற்று. பிணந்தின்னும் பறவை நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த அன்னத்தை உண்டதே என்று ஆச்சரியப்பட்டவர்கள், அதே இனம் மாட்டுச் சாணத்தையும் ஆட்டுப் புழுக்கையையும் தின்கிறது என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்களோ! ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2002ஆம் வருஷம் இதன் காரணத்தை வெளியிட்டார்கள். முகத்தின் மஞ்சள் நிறத்தை உண்டாக்கும் சாயப்பொருளைப் பறவையின் உடல் தானாகச் செய்துகொள்ள இயலாது; அது பசுந்தழையில் உண்டாவது; தழையை மேய்ந்த மாட்டின் சாணத்திலும் அதில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. சாணத்திலுள்ள பூச்சி புழுக்களின் தொல்லையையும் தாங்கிக்கொண்டு முகத்தைப் பளிச்சென்று வைத்திருக்கும் பறவை, நான் திடகாத்திரமுள்ளவன் என்று தன் இனத்தாருக்கு விளம்பரம் செய்துகொள்ளுகிறது என்பது அவர்கள் கருத்து. தீக்கோழி முட்டையை உடைப்பதற்கு அலகால் கல்லெடுத்து வீசுவதும் இதே பறவைதான். அதை ஜேன் குடால் அம்மையார் 1966இல் எழுதியிருக்கிறார். பொங்கலும் சாணமும் முட்டையும் பிணமும் ஒரே வயிற்றுக்குள் சமரசமாக இருக்கின்றன.

குறையை நிரப்புவதற்காகப் பழக்கத்தை மீறும் பிராணிகளைப் பார்த்தோம். குலவழக்கத்தையே துறந்து வேறோர் ஆகாரத்துக்கு அடிமையானவையும் இருக்கின்றன. நம் நாட்டுக் கரடி, புலியும் நாயும் சேர்ந்த மாமிசபட்சணிக் குலத்தில் பிறந்தது. ஆனால் அதன் உயிர் கரையானிலும் எறும்பிலும் இருக்கிறது. முதுமலையிலோ முண்டந்துறையிலோ இரவில் புற்றருகே கேட்கும் ஊதல் ஓசை, நூறு கெஜத்துக்கு அப்பாலிருப்பவரையும் திடுக்கிடச் செய்யும். நீண்டு வளைந்த நகத்தால் புற்றைப் பிளந்து, பிளந்த வாயில் முகத்தை வைத்து, முதலில் பலமாக ஊதிப் புழுதியை அகற்றுகிறது. பிறகு, மண் ஏறாதபடி மூக்குத் துவாரங்களை மூடிக்கொண்டு, உதடுகளைக் குழல்போல் நீட்டி உறிஞ்சுகிறது. மேல்வரிசையில் நடுவிலுள்ள இரண்டு முன்பற்கள் அதற்கு இல்லை. அந்த இடைவெளியே கரையான்கள் வாய்க்குள் பாயும் வாய்க்கால். இலுப்பைப்பூ உதிரும் காலத்தில் பூவையும், கொன்றைக்காய் முற்றும் காலத்தில் அதன் கரிய சதையையும் நாடிச் செல்லும். தேனடைக்காக மரமேறித் தேனீக்களின் கொட்டுகளைப் பொருட்படுத்தாமல் உழைக்கும். சீனத்துப் பாண்டாவும் இதே கரடிக் குடும்பந்தான். அது மூங்கிலுக்கு வாழ்க்கைப்பட்டு, மாமிசத்துக்கேற்ற குட்டையான குடலை வைத்துக்கொண்டு, தின்றதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஜீரணமாகாமல், பகலும் இரவும் மென்றுகொண்டேயிருக்கிறது.

ஓர் ஆகாரத்துக்கு உடலை முற்றிலும் ஒப்புக்கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு மத்திய அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் உள்ள இரத்த வௌவால்கள் சாட்சி. உலகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வௌவால் இனங்கள் இருந்தும், இரத்தம் ஒன்றையே உண்டு வாழ்பவை மூன்றே. நம் பாழுங் கோபுரங்களிலும் ஆலமரங்களிலும் தொங்கும் வௌவால்களுக்கு அந்தப் பாவத்தில் பங்கில்லை. இரத்த வௌவால்கள் உறங்கும் மாட்டின் அருகே தரையில் இறங்கி, நாலு காலாலும் நடந்து வந்து, மூக்கிலுள்ள உஷ்ண உணர்ச்சியால் தோலுக்கடியில் இரத்தம் ஓடும் இடத்தைக் கண்டு, கத்தி போன்ற பல்லால் மெல்லச் சீவிவிட்டு, வழியும் இரத்தத்தை நக்குகின்றன. உறையாதிருக்கும் வகை அவற்றின் உமிழ்நீரிலேயே இருக்கிறது. ஒரே வேளையில் தன் எடையில் ஏறக்குறையப் பாதியளவு குடித்துவிடுவதால், பறந்து மீள்வதற்காகக் குடிக்கும்போதே நீரைச் சிறுநீராகக் கழிக்கத் தொடங்கிவிடும். இரத்தத்தில் சேமித்துவைக்கத் தகுந்த கொழுப்போ சர்க்கரையோ அதிகமில்லை. ஆகையால் இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து இரை தப்பினால் வௌவால் பட்டினியால் இறந்துபோகும். கோஸ்டா ரிக்காவில் ஆராய்ந்த ஜெரால்ட் வில்கின்ஸன் 1984இல் வெளியிட்ட செய்தி, பசியோடு திரும்பிய வௌவாலுக்கு, வயிறு நிறைந்து திரும்பிய வௌவால் தான் குடித்த இரத்தத்தைக் கக்கி ஊட்டுகிறது என்பது. உறவுக்கு மட்டுமன்றி, ஒரே பொந்தில் நெடுநாள் கூடவிருந்து பழகியதற்கும் இந்த உபகாரம் கிடைக்கிறது.

இதற்கு நேர்மாறாக, வாய்த்ததை வாய்த்தபோது உண்ணும் சுபாவமும் உண்டு. கலிபோர்னியாவின் பிரையோன்ஸ் பூங்காவில் தரையணில்களை வருஷந்தோறும் கவனித்துவந்த ஆராய்ச்சியாளர்கள், தங்கள் ஆராய்ச்சியின் 12ஆவது வருஷமாகிய 2024இன் கோடையில், கொட்டையும் விதையும் கொறிக்கும் அணில்கள் வோல் என்ற எலிவகையைப் பதுங்கித் துரத்திப் பாய்ந்து, கழுத்தைக் கடித்துக் கொன்று தின்பதைக் கண்டார்கள். அந்த வருஷம் அவ்வெலிகள் அங்கே அளவுகடந்து பெருகியிருந்தன என்பதே விசேஷம்.

எல்லாவற்றையும்விட மெதுவாக நடந்த வேட்டை செஷெல்ஸ் தீவுகளில் நடந்தது. பிரிகேட் என்னும் தீவில் ஏறத்தாழ 3000 பேராமைகள் வாழ்கின்றன. 2020ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், ஒரு பெண்ணாமை, விழுந்து கிடந்த மரக்கட்டையின்மேல், கூட்டிலிருந்து தவறி விழுந்த நாடி என்ற ஆலா இனத்துக் குஞ்சை நோக்கி ஏறிச் செல்வதை ஒருவர் படம் பிடித்தார். இலையைத் தின்னும்போது ஆமை நாக்கை முன்னே நீட்டும். இங்கே நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, தாடையை மட்டும் அகலத் திறந்து முன்னேறிற்று. குஞ்சு பின்னால் தத்தித் தத்திச் சென்றது, சிறகடித்தது, ஆமையின் முகத்தை நோக்கி அலகால் கொத்திற்று, கட்டையின் முனைக்கு வந்ததும் நின்றுவிட்டது. கீழே குதித்திருந்தால் தப்பியிருக்கும். மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வளரும் அந்த இனத்தின் குஞ்சுக்குத் தரையில் இறங்குவதென்பது சுபாவத்திலேயே இல்லை. ஆமை தலையை நீட்டிக் குஞ்சின் தலையைக் கவ்வி நெரித்தது. உயிர் போனதும் முழுதாக விழுங்கிவிட்டது.

ஆமை எலும்பையும் நத்தை ஓட்டையும் சுண்ணாம்புக்காகத் தின்பது முன்பே தெரிந்த விஷயம். உயிரோடிருக்கும் இரையைக் குறிவைத்துத் துரத்துவதை 2021இல் வெளியான இந்த ஆராய்ச்சிக் கட்டுரைதான் முதன்முதலாக நிலைநாட்டிற்று. அந்த ஆமையின் நடையில் தயக்கம் சிறிதும் காணப்படாமையால், அது முன்பும் இவ்வாறு செய்திருக்க வேண்டும் என்று எழுதியவர்கள் கருதினார்கள். அத்தீவில் அழிந்துபோயிருந்த காட்டை மனிதர்கள் மறுபடியும் வளர்த்ததன் பயனாகவே பறவைகள் பெருந்திரளாகத் திரும்பிவந்து ஆமைகளின் தலைக்கு மேலே கூடுகட்டின. மாலுமிகள் வந்து ஆமைகளைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் செல்வதற்கும் மரங்களை வெட்டிச் சாய்ப்பதற்கும் முன்னால், இந்து மகாசமுத்திரத்தின் பல தீவுகளில் ஆமையும் பறவையும் இப்படித்தான் ஒரே நிழலில் கூடி வாழ்ந்தன. ஆகவே இது புதிதாகப் பிறந்த பழக்கமா, அல்லது காடும் பறவையும் இல்லாத இடைக்காலத்தில் மறைந்திருந்த பழைய பழக்கமா என்ற கேள்விக்கு, காடு திரும்பி வளரும் மற்றத் தீவுகளில், விழுந்த கட்டைகளின் அருகே பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பவர்கள்தாம் விடைகூறவேண்டும்.